பதினேழாம் கேடட் சிரிக்க வேண்டும்

கையைத் தூக்கியது முழங்காலுக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. காலையில் அந்த உதவி இயக்குநர் பிள்ளை, பிரணவ், அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்று, "கேடட்ஸ்ல நாலு பேர் சாகணும், யார் சாகறீங்க?" என்று கேட்டான். யாருக்கு டீ வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். முப்பது பேருக்கும் ஒரே முகம். சாம்பல் நிற ரப்பர், நெற்றியில் மூன்று மேடு, கத்தியால் கீறி மூடியதுபோல ஒரு வாய். வேறு ஏதோ கிரகத்தில் படைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளாம் நாங்கள். பூமியிலிருந்து போகிற கதாநாயகன் எங்களுக்குச் சண்டை சொல்லிக் கொடுக்கிறானாம். எங்கள் வயது பதினெட்டாம். எனக்கு நாற்பத்தேழு. முகமூடிக்குள் யார் வயதைப் பார்க்கப் போகிறார்கள், உயரம் சரியாக இருந்தால் போதும் என்று ஏஜென்ட் அனுப்பிவிட்டார். உயரம் சரியாகத்தான் இருக்கிறது, முழங்கால்தான் சரியில்லை. இந்த பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு குழவிக்கல் கனம். செத்தவர்கள் படுத்துக்கொள்ளலாம், சாகாதவர்கள் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் மண்டைக்குள் ஓடியது. முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். "இன்னா குணாக்கா, சாவுறதுக்கு அவ்ளோ அவசரமா?" என்று பின்னாலிருந்து ஸ்டெல்லா கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் தூக்கினாள். அவளுக்கும் நிற்க முடியாது, அவளுக்கு இடுப்பு. இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். பிரணவ் எங்கள் மார்பில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டான். பதினேழு, இருபத்தொன்று, நாலு, இருபத்தெட்டு. நான் பதினேழு.

இப்போது படுத்திருக்கிறேன். ஆசை தீரப் படுத்திருக்கிறேன். ஒரு கை வயிற்றுக்கு அடியில் மாட்டியிருக்கிறது, கன்னம் தரையில், அதாவது ரப்பர்க் கன்னம். கண்ணுக்கு நேரே கறுப்பு பிளாஸ்டிக், அதில் ஒன்றும் தெரியாது, அதற்குக் கீழே இமைபோல வெட்டியிருக்கிற சின்னச் சந்து வழியாகத்தான் பார்க்க வேண்டும். சந்தில் கொஞ்சம் தரை தெரிகிறது. சுற்றிக் கட்டியிருக்கிற பச்சைத் துணியின் ஓரம் தெரிகிறது. காமிரா நிற்கிற தள்ளுவண்டியின் சக்கரம் தெரிகிறது, சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம். மூக்குக்கு இரண்டு ஓட்டை விட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று பசையில் பாதி அடைபட்டுவிட்டது. விடியற்காலம் ஐந்து மணிக்கு ஒட்டினார்கள், மோவாயிலிருந்து கழுத்தெலும்பு வரை பசை. எண்ணெய் தடவி அரை மணி நேரம் உரித்தால்தான் வரும், இடையில் கழற்ற முடியாது, தண்ணீர்கூட ஸ்ட்ராவை உள்ளே விட்டுத்தான். ஸ்பிரிட் வாடை. ரப்பர் வாடை. என் மூச்சு எனக்கே திரும்பி வருகிற வாடை. இதெல்லாம் பரவாயில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். முதல் டேக்கில் எங்கேயோ ஒருவர் பலகையைப் பலகையால் அடித்தார், அதுதான் குண்டு, நாங்கள் நாலு பேர் மூன்று அடி ஓடி விழுந்தோம். "கட்" என்றார்கள். நான் அப்படியே காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, உடம்பு பழக்கத்தில் காத்திருக்கிறது, யாராவது வந்து "அம்மா, காமிராவப் பாத்துச் சிரிங்க" என்று சொல்வார்கள் என்று காத்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. சிரிப்பு. ஐயோ, சிரிப்பு.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்யாண வீட்டில் ஒருத்தி, ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, கோவில் கூட்டத்தில் ஒருத்தி. இதற்கு முன் செத்தது மூன்று தடவை. மூன்று தடவையும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை வெள்ளத்தில் செத்த பெண்ணாகக் கிடந்து, வாயெல்லாம் சேறு, அப்படியே எழுந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன், காமிராமேன் "ஆச்சு, நூறு வயசு" என்று கையைத் தூக்கினார். சாகிறதாக நடித்தால் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிஜச் சாவு தேடி வரும். எந்தக் காமிரா செத்ததைப் பார்த்ததோ அதே காமிரா சிரிக்கிறதையும் பார்க்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய நடிகர்களும் செய்கிறார்கள், நாங்களும் செய்கிறோம், யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் விட்டதில்லை. ஒரே ஒரு தடவை விட்டார்கள். அது என் வீட்டுக்காரருக்கு. அதை இப்போது நினைக்கக் கூடாது. பிரணவ் என் பக்கமாக வந்தபோது அவன் செருப்புதான் சந்தில் தெரிந்தது. செருப்பைப் பார்த்துக் கேட்டேன், "தம்பி, சிரிப்பு ஷாட் எடுக்கலியேப்பா." செருப்பு நின்றது. "என்ன ஷாட்?" "செத்துட்டோமில்ல, சிரிக்கணும்பா." அவனுக்குத் தெரியவில்லை. விளம்பரப் படங்களில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை, அங்கே யாரும் சாக மாட்டார்கள் போலிருக்கிறது. நான் விளக்கிச் சொன்னேன். குனிந்து கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "மாஸ்க் போட்டிருக்கீங்களேம்மா, நீங்க சிரிச்சா யாருக்குத் தெரியும்?" என்றான். அப்புறம், "செத்தது ஏலியன்மா, நீங்க இல்ல" என்றான். செருப்பு போய்விட்டது. அவன் சொன்னது சரிதானே. செத்தது நான் இல்லையே. ஆனால் விழுந்தது என் முழங்கால். தரையின் சில்லிப்பு ஏறுவது என் விலாவில். முகமூடியா மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறது?

"பதினேழு, மூச்சு தெரியுது!" மைக்கில் சத்தம் வருகிறது. டைரக்டர் தூரத்தில் கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் மானிட்டர் முன்னால் இருக்கிறார், அவரை நான் இதுவரை பார்க்கவில்லை, குரல்தான். பதினேழு என்றால் நான். கதாநாயகன் எங்கள் மேல் தாண்டி வந்து நின்று வசனம் பேச வேண்டும், பேசி முடிக்கும்வரை நாங்கள் மூச்சு விடக் கூடாது. வசனம் நீளம். பாதியில் அவருக்கு மறந்துபோகிறது, மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இது ஆறாவது டேக். ஒவ்வொரு டேக்கிலும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன், காதுக்குள் ரத்தம் தொம் தொம் என்று அடிக்கிறது, அவர் "இந்தப் பிள்ளைங்க எதுக்காகச் செத்தாங்க" என்று கேட்கிறார், எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது. எதற்காகச் செத்தேன்? முழங்காலுக்காக. ஆறு டேக், ஆறு சாவு. ஆறு சாவுக்கும் ஒரு சிரிப்பு போதுமா, ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டுமா? பழைய ஆட்கள் யாரிடமாவது கேட்க வேண்டும். "கட்" சொன்னதும் கால்மாட்டிலிருந்து ஸ்டெல்லா குரல் வருகிறது, "அக்கா, கெடைக்கிற நேரத்துல தூங்குவியா, அத வுட்டுட்டு முனகிட்டுக் கெடக்குற." நான் முனகினேனா? முகமூடிக்குள் எது நினைப்பு எது சத்தம் என்று தெரிய மாட்டேன் என்கிறது. "சிரிக்க விடலடி" என்றேன். "நான் இதுவரிக்கும் முப்பது வாட்டி செத்துருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா, "பாதிக்கு மேல சிரிச்சதே இல்ல. நமக்கெல்லாம் ஏசப்பா பாத்துப்பாரு." அவள் சொன்னால் சரியாக இருக்குமா? அவளுக்குப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எனக்கும் முருகன் இருக்கிறான். ஆனால் என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கும் இருந்தான்.

நினைக்கக் கூடாது என்றால் அதைத்தான் நினைக்கும். அவருக்குப் பாடை சீன். கிராமத்துப் படம், ஊர்ப் பெரியவர் சாவு, இவர்தான் பிணம், உடம்பும் முகமும் நல்ல வாகு என்று இவரைப் போட்டார்கள். நாள் முழுக்க மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வந்தார்கள். கடைசி ஷாட் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காமிராவை நனையாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாளைக்குச் சிரித்துக்கொள்ளலாம் என்றார்களாம். நாளைக்கு அந்த ஊரில் ஷூட்டிங் இல்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "இன்னிக்கு என்னச் சிரிக்க விடலடி." சொல்லிவிட்டு அதற்கே சிரித்தார். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. போனில் படம் பிடித்தேன், சிரியுங்கள் என்றேன், சிரித்தார், ஆனால் அது வேறு காமிரா, செத்ததைப் பார்த்த காமிரா இல்லையே. கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள் என்றேன். "போய் இன்னான்னு கேப்பேன், சார் நான் சிரிக்கணும்னா?" என்றார். நானே போகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கே நின்றுவிட்டேன். ஆபீஸ் என்றால் கண்ணாடிக் கதவு, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, இதைப் போய் எப்படி எழுதுவது, என் புருஷன் சிரிக்க வேண்டும் என்றா? திரும்பி வந்துவிட்டேன். பதினெட்டாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இதயம் என்றார் டாக்டர். இதயம்தான். எனக்கும் தெரியும். புகை பிடிப்பார், சர்க்கரை இருந்தது. எல்லாம் தெரியும். ஆனால் தெருமுனை வரை போனேனே, அங்கிருந்து ஆபீஸ் நாலு நிறுத்தம்தானே. அதை எந்த டாக்டரிடம் கேட்பது?

பதினெட்டாம் நாள் என்றால் இன்றிலிருந்து பதினெட்டாம் நாள் எது? எண்ண வேண்டாம். எண்ணிவிட்டேன். என் மகள் நிறைமதிக்குப் பரீட்சை நடுவில் வருகிறது. பிளஸ் டூ. கணக்குப் பரீட்சைக்கும் அதற்கு அடுத்த பரீட்சைக்கும் நடுவில். அவள் எழுந்து வந்து பார்ப்பாள், நான் எழுந்திருக்க மாட்டேன். அப்புறம் அரக்கோணத்திலிருந்து அவள் பெரியப்பா வருவார், நல்ல மனிதர்தான், வந்து அழுவார், காரியமெல்லாம் செய்வார், செய்துவிட்டு, பெண்பிள்ளை தனியாக எப்படி இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போவார். அங்கே போனால் படிப்பு நின்றுவிடும். அவருடைய இரண்டு பெண்களுக்கும் நின்றதே. எனக்கு நின்றதே, எங்கள் அம்மா போனதும் என் மாமா இப்படித்தான் வந்தார், இப்படித்தான் அழுதார். பள்ளிக்கூடப் பையைக்கூட எடுத்துக்கொள் என்றுதான் சொன்னார். பை கூட வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. என் உயிர் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது நிறைமதியுடைய உயிர். இன்னும் மூன்று வருடமாவது நான் உட்கார்ந்து, நின்று, படுத்து, எப்படியாவது இருந்தாக வேண்டும். இதையெல்லாம் காலையில் கையைத் தூக்கும்போது நினைத்தேனா? செத்தால் படுக்கலாம் என்று நினைத்தேன். என்ன புத்தி இது. சிரிக்க முடியாத முகத்தைப் போட்டுக்கொண்டு சாக ஒத்துக்கொண்டவள் உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா? ஸ்டெல்லா இருக்கிறாள். நாலும் இருபத்தெட்டும் இருக்கிறார்கள். அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ.

இந்தப் பதினேழு யார் பெற்ற பிள்ளை? காலையிலேயே பிரணவைக் கேட்டேன், இதற்குப் பேர் என்ன என்று. "பேர்லாம் இல்லம்மா, பதினேழுதான்" என்றான். பக்கத்தில் நிற்கிற பிள்ளையை இழுத்துவிட ஓடி, குண்டுபட்டு விழுகிறதாம். படத்தில் ஒரு நொடி வருமாம். முதல் சண்டை. பயந்திருக்கும். பதினெட்டு வயதில் முதல் நாள், எல்லாருக்கும் ஒரே முகம், யார் பயந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத முகம், அது ஒரு வசதி. அவர்கள் ஊரில் பயந்தால் என்ன செய்வார்கள்? சிரிப்பார்களா? இந்த வாயைச் செய்தவர்கள் அதைத் திறக்கிறமாதிரி செய்யவில்லை. அப்படியென்றால் அவர்கள் ஊரில் சிரிப்பே இல்லையோ என்னவோ. இல்லாத ஊரில் செத்தால் அதற்கு என்ன பரிகாரம்? நாளைக்கு இதே பதினேழு உயிரோடு வருகிறது. சாவுக்கு முந்தின கதையை நாளைக்கு எடுக்கிறார்கள், பயிற்சி மைதானம், எல்லாரும் இடதுகையைத் தூக்கி சல்யூட் அடிக்கிறார்கள். நானே நாளைக்கும் வந்தால் செத்தது திரும்பி எழுந்ததாக ஆகிவிடுமே என்று ஒரு நிமிடம் நெஞ்சு லேசாயிற்று. ஆனால் நாளைக்கு வேறு ஏஜென்ட், வேறு ஆட்கள். இந்த முகத்தை வேறு ஒருத்தி மாட்டிக்கொள்வாள். செத்தது நான். எழுந்து நின்று சல்யூட் அடிக்கப்போகிறவள் யாரோ.

எட்டாவது டேக். கதாநாயகன் என்னைத் தாண்டும்போது அவர் பூட்ஸ் நுனி என் முதுகில் பட்டது. பிடித்த மூச்சு போய்விடும்போல் இருந்தது, பிடித்துக்கொண்டேன். லைட்டை நகர்த்தினார்கள். வேலாயுதம் அண்ணன் மேலிருந்து இறங்கி வந்து என் தலைமாட்டில் ஒயரைச் சரிசெய்தார், அவர் கால் விரலில் இருக்கிற பித்தளை வளையத்தை வைத்துத்தான் அவர் என்று கண்டுகொண்டேன், முப்பது வருடமாக லைட்மேன். "அண்ணே" என்றேன். "யாரு உள்ள, ஏகாம்பரம் சம்சாரமா?" என்று குனிந்தார். "நீ ஏம்மா இதுல வந்து வுளுந்து கெடக்குற?" நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒயரைச் சுற்றிக்கொண்டே, "அன்னிக்கு நானும் இருந்தேன்மா, அந்த மழையில" என்றார். வேண்டாம் அண்ணே. "அவன் பாடையிலேர்ந்து எழுந்து காமிராவுக்குப் பின்னாலயே ஓடனான், இருங்க இருங்கன்னு." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் வந்து சிரித்தாரே. ஓடினார் என்று சொல்லவில்லையே. மூக்கில் பஞ்சோடு மழையில் ஓடியிருக்கிறார். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார். "எதுன்னாலும் இன்னிக்கே பாத்துக்க" என்றார் வேலாயுதம் அண்ணன், "இந்தக் காமிரா வெளியூர்லேர்ந்து வாடகைக்கு வந்தது. இந்த ஷாட்டோட பொட்டில வெச்சுருவாங்க. நாலு மணிக்கு வண்டி." பித்தளை வளையம் போய்விட்டது.

சிரிப்பைத் தயார் செய்துவைத்துக்கொள்ள வேண்டும். யாராவது கேட்டால் உடனே கொடுக்கிறமாதிரி. ஒன்பதாவது டேக் ஓடுகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டே உள்ளே உதட்டை இழுத்துப் பார்க்கிறேன். பசை காய்ந்து தோலோடு ஒன்றாகிவிட்டது, கன்னம் விரிய மாட்டேன் என்கிறது, மோவாயில் சுரீர் என்கிறது. எதையாவது நினைத்துக்கொண்டால் வரும். எதை? நிறைமதி சின்ன வயதில் டிவியில் என்னைத் தேடுவாள், கூட்டம் வந்தாலே "அம்மா, அம்மா" என்று யார் முதுகைப் பார்த்தும் கத்துவாள், ஒரு தடவை மாட்டைக் காட்டினாள். அதற்கு எத்தனை நாள் சிரித்தோம். இப்போது நினைத்தால் உதடு அசையவில்லை. வேறு. கல்யாண சீனில் நாலாவது தடவையாக அதே அப்பளத்தை எடுத்து வைத்தபோது ஸ்டெல்லா அதைக் கடித்துவிட்டு, கடித்தது நான் இல்லை என்று ஏசப்பா மேல் சத்தியம் செய்தாள். வரவில்லை. கூப்பிட்டால் வருகிற சாமானா அது. அழுகை மட்டும் எப்போது கேட்டாலும் வருகிறது, சாவு வீட்டுக் கூட்டத்துக்கு என்னைத்தான் முன் வரிசையில் போடுவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்களே, அவர்களுக்கும் பயம் இருக்கிறதே, காமிராவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒரு பழம் வாங்குகிறவர்கள், எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று இரண்டு நொடி கொடுக்க மாட்டார்களா? கேட்டால்தானே. எழுந்து கேட்டால் டேக் கெடும். டேக் கெடுத்தவளை அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும். இல்லை, கூப்பிட வேண்டும். நிறைமதி. நான் இப்படித்தான் தெருமுனையில் நின்றேன். அங்கேயும் இதே மாதிரி காது அடைத்தது.

"ஓகே, நல்லா வந்திருக்கு. கேமராவ எறக்குங்க." கைதட்டுகிறார்கள். கதாநாயகன் போய்விட்டார். சக்கரம் அசைகிறது. வேண்டாம், அசையாதே. வயிற்றுக்கு அடியில் இருந்த கை மரத்துப்போயிருக்கிறது, அது என் கை மாதிரியே இல்லை, முழங்காலை ஊன்றுகிறேன், ஊசி இறங்குகிறது, நாலு காலில் தவழ்ந்து, பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பூட்ஸ் தடதடக்க நடந்து போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டேன். இவ்வளவு பக்கத்தில் நான் காமிராவைப் பார்த்ததே இல்லை. எப்போதும் அது யாருக்கோ பின்னால் என்னைப் பார்க்கும். உள்ளே நீலமாக இருக்கிறது, அதில் சின்னதாக ஒரு ரப்பர் முகம் நிற்கிறது. "யாரது ஃப்ரேம்ல?" என்று மைக் கேட்டது. பிரணவ் ஓடி வந்தான், "அம்மா, முடிஞ்சிருச்சும்மா, வாங்க." "சிரிக்கணும் சார்!" என்று நான் கத்தினேன். குடத்துக்குள் தலையை விட்டுக் கத்தினதுபோல் இருந்தது. "செத்தா சிரிக்கணும் சார், வுட்டுட்டாங்க." யாரோ களுக்கென்றார்கள். மேலிருந்து வேலாயுதம் அண்ணன், "வழக்கந்தான் சார், ரெண்டே செகண்டு" என்றார். மைக்கில் மூச்சு கேட்டது. டைரக்டர் மூச்சு விடுவது எல்லாருக்கும் கேட்டது. "ரோல் பண்ணுப்பா" என்றார், மெதுவாக. காமிரா மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சிரிக்க வேண்டும். இதோ கொடுத்துவிட்டார்கள், கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், சிரிக்க வேண்டும். உதடு கோணிக்கொண்டது. மூக்கில் பஞ்சோடு ஓடுகிறவர் தெரிந்தார். கண்ணிலிருந்து ஓடி மோவாயில் பசைக்கு மேல் சூடாகத் தேங்குகிறது, வெளியே ஒரு சொட்டு வரவில்லை, வெளியே அதே மூடிய வாய். "சிரிச்சாச்சாம்மா?" என்று மைக் கேட்டது. "ஆச்சு சார்" என்றேன். சிவப்பு அணைந்தது.

ஆச்சு என்று சொல்லிவிட்டேன். காமிராவுக்கு முன்னால் நின்று பொய் சொல்லிவிட்டேன். இது விட்டதைவிட மோசம். விட்டது அவர்கள் தப்பு, இது என் தப்பு. திரும்பினேன், எனக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். இருபத்தொன்று, நாலு, இருபத்தெட்டு. செத்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து, ஒருவர் பின்னால் ஒருவர், ரேஷன் கடையில் நிற்பதுபோல நிற்கிறார்கள். "நகருக்கா" என்றது இருபத்தொன்று. "ஏசப்பா பாத்துப்பாருன்னியேடி" என்றேன். "அவரும் பாக்கட்டும், இதுவும் பாக்கட்டும். நகரு, பொட்டில வெச்சிறப் போறாங்க." ஸ்டெல்லா காமிரா முன்னால் நின்றாள், சிவப்பு மறுபடி எரிந்தது. முகம் ஒன்றும் ஆகவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவளுக்கு வந்துவிட்டது. நாலு போய் நின்றது. தலையை ஆட்டியது. என் கால் என்னைக் கேட்கவில்லை. அது போய் இருபத்தெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டது. எண்ணை மறைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன். எல்லாருக்கும் ஒரே முகம்தானே. இருபத்தெட்டு முடித்துவிட்டு விலகியது, மறுபடி அந்த நீலம், அந்தச் சின்ன ரப்பர் முகம். காமிராவைப் பிடித்திருந்த ஆள் எட்டிப் பார்த்தான். "நாலு பேருதானே செத்தீங்க? இது யாரு அஞ்சாவது?" என்றான். பிரணவ் அட்டையைப் புரட்டிப் பார்க்கிறான், நிஜமாகவே பார்க்கிறான், செத்தவர்கள் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு. அப்போது பின்னாலிருந்து ஸ்டெல்லா கத்தினாள், "சார், உசுரோட இருக்குறது எதுவோ சும்மா வந்து நிக்கிது சார், தொரத்துங்க!"

அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. விலாவுக்கு அடியிலிருந்து வந்தது. உசிரோடு இருக்கிறது எதுவோ. பசை சுரீர் சுரீர் என்று பிய்ந்தது, ரப்பர் மூக்கோடு ஒட்டிக்கொண்டு மூச்சு அடைத்தது, நான் குனிந்துவிட்டேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறேன், நிறுத்த முடியவில்லை, எத்தனை வருடத்துச் சிரிப்போ. நிமிர்ந்து பார்த்தபோது காமிராவுக்கு மூடி போட்டாகிவிட்டது. அந்த ஆள் அதை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறான். சிவப்பு எரிந்ததா? நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேனே, ஏன் மூடினேன்? இருபத்தெட்டுக்கு எரிந்ததை அணைத்தார்களா, அப்படியே விட்டுவைத்திருந்தார்களா, மூடியைப் போட்டது முன்னாலா, பின்னாலா? "தம்பி" என்றேன். பிரணவ் அட்டையைப் பார்த்துக்கொண்டே வாசல் பக்கம் போகிறான். "தம்பி, நான் சிரிக்கும்போது ஓடிச்சா?" அவன் திரும்பவில்லை. பெட்டி திறக்கிற சத்தம். இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும். இதற்குள்ளிருந்து எவ்வளவு சத்தமாகக் கேட்டால் வெளியே கேட்கும்? "தம்பி, ஓடிச்சாப்பா?"